கடல்மட்டத்துக்கு எழுதிய எண்கள் நுவரெலியாவுக்குப் பொருந்துமா? கொவிட் கால மயக்கமருந்துச் சேவையினருக்கான விவாத இழை

இழையைத் தொடங்குபவர்: மயக்கமருந்து வைத்திய அதிகாரி, நுவரெலியா மாவட்டம்
2021 செப்டெம்பர் 12

அனைவருக்கும் வணக்கம். ஓகஸ்ட் 20 அன்று தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு இன்னும் நீடிக்கிறது. டெல்டா திரிபு பரவிய பின்னர், சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்க வேண்டிய நாங்கள் இரவும் பகலும் கொவிட் விடுதியிலேயே நிற்கிறோம். நம் துறைக்கான புதிய அறிவுறுத்தல்களும் ஆய்வு முடிவுகளும் வாரந்தோறும் கைபேசிக்கு வந்துசேர்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்த முயலும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே இடத்தில் தடங்கல் ஏற்படுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் சிகிச்சை வழிகாட்டல், அறைக்காற்றைச் சுவாசிக்கும்போது சச்சுரேஷன், அதாவது இரத்தத்தின் ஒட்சிசன் நிறைவு, 94 வீதத்துக்குக் கீழ் இறங்கினால் அதனைக் கடுமையான நோய் என வகுக்கிறது. ஆனால் அந்த வரையறையில் ‘கடல்மட்டத்தில்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அறிவுறுத்தல் சுருக்கப்பட்டு, படமாக்கப்பட்டு, கையிலிருந்து கைக்கு மாறி நம்மிடம் வந்து சேரும்போது அந்தச் சொல் மட்டும் காணாமற்போய்விடுகிறது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பில் 760 மில்லிமீற்றர் இரசமாக உள்ள வளிமண்டல அழுத்தம் இங்கே ஏறத்தாழ 610 மாத்திரமே. மூச்சுப்பாதையில் சேரும் நீராவியின் 47 மில்லிமீற்றரைக் கழித்து 21 வீதத்தால் பெருக்கினால், கொழும்பில் மூச்சோடு உட்செல்லும் ஒட்சிசனின் அழுத்தம் 150 ஆகவும் இங்கே 118 ஆகவும் வருகிறது. அதாவது, நம் ஊரில் அறைக்காற்றைச் சுவாசிப்பவர் கொழும்பில் 17 வீதத்துக்கும் சற்றுக் குறைவான ஒட்சிசன் உள்ள காற்றைச் சுவாசிப்பவருக்கு ஒப்பானவர். இங்கே பிறந்து வளர்ந்த, எந்த நோயுமற்ற ஒருவரிடமே 94 அல்லது 95 என்ற எண்ணைக் காண்பது அரிதன்று. அவ்வாறிருக்க, 93 வீதம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கட்டிலில் கிடத்தி ஒட்சிசன் கொடுக்கத் தொடங்கினால், உண்மையில் மூச்சுக்குப் போராடும் அடுத்தவருக்குக் கொடுக்க எங்களிடம் சிலிண்டர் இருக்காது.

ஒட்சிசன் பற்றிய கணக்கும் இதனுடன் இணைந்ததே. பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 6800 லீற்றர் ஒட்சிசன் உண்டு. நிமிடத்துக்கு 15 லீற்றர் முகமூடியில் அது ஏழரை மணித்தியாலம் வரும். மூக்கு வழியாக மிகுந்த வேகத்தில் ஒட்சிசன் செலுத்தும் உயர் ஓட்ட நாசிக் கருவியை நிமிடத்துக்கு 60 லீற்றரில், 60 வீத ஒட்சிசனுடன் ஓட்டினால் தூய ஒட்சிசன் மட்டும் நிமிடத்துக்கு 30 லீற்றர் செலவாகும். நாலு மணித்தியாலத்துக்குள் சிலிண்டர் காலி. 100 வீதத்துக்கு உயர்த்தினால் இரண்டு மணித்தியாலம்கூட வராது. சுவரிலிருந்து திரவ ஒட்சிசன் தாங்கியின் வாயு வற்றாமல் வரும் வைத்தியசாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அறிவுறுத்தலை, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் வைத்தியசாலையில் எப்படிப் பின்பற்றுவது?

உங்கள் வைத்தியசாலைகளில் இவற்றை எவ்வாறு கையாளுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். நான் கேட்பது அபிப்பிராயம் மட்டுமல்ல; நீங்கள் கட்டிலருகில் உண்மையில் எந்த எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையே கேட்கிறேன்.

மருத்துவ விடுதி வைத்திய அதிகாரி, ஹட்டன் பகுதி
2021 செப்டெம்பர் 12

நீங்கள் எழுதிய கணக்கு சரியானதுதான். ஆயினும், 94 என்ற எல்லையை மலையகத்துக்குத் தளர்த்தலாம் என்று பொதுவெளியில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்கப்போவது நீங்களும் நானும் மட்டுமல்லர். தோட்டத்தில், விரலில் மாட்டிச் சச்சுரேஷனை அளக்கும் ஒரே கையடக்க ஒக்சிமீற்றரை வைத்துக்கொண்டு ஐந்து பிரிவுகளுக்கும் ஓடும் வைத்திய உதவியாளரும் அதைத்தான் பார்க்கிறார். ‘மலையில் 92 இருந்தாலும் பரவாயில்லை’ என்ற ஒரு வசனம் அவரிடம் போய்ச் சேர்ந்தால், கீழே அனுப்பப்பட வேண்டிய நோயாளி தோட்டக் குடியிருப்பான லயன் அறையிலேயே இன்னும் இரண்டு நாள் இருப்பார். காலையில் ‘கொஞ்சம் மூச்சு வாங்குது’ என்று சொன்னவரை மாலையில் உதடு நீலம்பாரித்த நிலையில் கொண்டுவந்ததை நான் இந்த மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

இன்னொரு விடயமும் உள்ளது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை அதிகம். ஹீமோகுளோபின் 7 ஆக உள்ள ஒரு தாயிடம் சச்சுரேஷன் 96 எனக் காட்டினாலும், அவருடைய இரத்தம் சுமந்து செல்லும் ஒட்சிசன், 14 உள்ளவருடையதில் ஏறத்தாழ அரைவாசிதான். ஒக்சிமீற்றர் வீதத்தைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. குளிரில் விறைத்த, கொழுந்து பறித்துக் கறைபடிந்த விரலில் அது அந்த வீதத்தையும் சரியாகச் சொல்வதில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, திரையில் நாடித்துடிப்பின் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பின்னரே எண்ணை எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற மயக்கமருந்து வைத்திய நிபுணர், கண்டி
2021 செப்டெம்பர் 13

இருவரின் பதிவுகளையும் கவனமாக வாசித்தேன். முதலாமவரின் பௌதிகமும் இரண்டாமவரின் அச்சமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. தனியொரு எண்ணில் முடிவெடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

என் ஆலோசனை இது. உயரம் எதுவாயினும் தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கான எல்லையைத் தளர்த்த வேண்டாம். 94க்குக் கீழே எவரைக் கண்டாலும் ஒரு வைத்தியர் நேரில் பார்க்கட்டும். வைத்தியசாலைக்கு வந்த பிறகு, யாருக்கு ஒட்சிசன், எவ்வளவு ஒட்சிசன் என்று தீர்மானிக்கும் இடத்தில் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். அங்கே மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நிமிடத்துக்குச் சுவாசிக்கும் எண்ணிக்கை, கட்டிலருகே நாற்பது காலடி நடக்கவிட்டபின் சச்சுரேஷன் எவ்வளவு இறங்குகிறது என்பது, நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு. ஓய்வில் 93 உள்ளவர் நடந்த பின்னும் 93 இலேயே நின்று, நிமிடத்துக்கு 18 தடவை சுவாசித்தால் அவர் காத்திருக்கலாம். ஓய்வில் 96 உள்ளவர் நடந்தபின் 91க்கு இறங்கினால் அவரை விட்டு அகலாதீர்கள்.

உயர் ஓட்ட நாசிக் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடந்த ஓகஸ்ட் முதல் வாரத்தில் பிரித்தானியாவின் ரிகவரி-ஆர்எஸ் ஆய்வின் முடிவு, சக நிபுணர் மதிப்பாய்வுக்கு முந்திய முன்பதிப்பாக வெளியாகியிருக்கிறது. 48 வைத்தியசாலைகளில் 1272 நோயாளரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், இறுக்கமான முகமூடி வழியாகத் தொடர் நேரழுத்தக் காற்று கொடுக்கப்பட்டவர்களில் 36.3 வீதத்தினருக்குச் சுவாசக்குழாய் இடப்பட்டது அல்லது மரணம் நேர்ந்தது. அதனுடன் ஒப்பிடப்பட்ட, சாதாரண முகமூடி ஒட்சிசன் பெற்றவர்களில் அது 44.4 வீதம். உயர் ஓட்ட நாசிக் கருவியோ சாதாரண ஒட்சிசனை விட மேலானதாகத் தெரியவில்லை: 44.4 வீதமும் 45.1 வீதமும். ஒரே ஆய்வை வைத்து அந்தக் கருவியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலிண்டரை நம்பியிருக்கும் ஒரு வைத்தியசாலையில், ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு ஆறு ஏழு பெரிய சிலிண்டர்களை விழுங்கும் கருவியை முதலில் எடுப்பதா என்று கேட்க இப்போது உங்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைத்திருக்கிறது. நேரழுத்த முகமூடியை முதலில் எடுங்கள். இருமுனையிலும் வைரஸ் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதற்கும் அதே ஓகஸ்டில் ஆதாரம் வந்தது. ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை இணைத்துப் பார்த்தபோது, குப்புறப் படுத்தவர்களில் 40 வீதத்தினருக்கும் வழமையான பராமரிப்பில் இருந்தவர்களில் 46 வீதத்தினருக்கும் சுவாசக்குழாயோ மரணமோ நேர்ந்தது. இதற்குச் சிலிண்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ‘ஏன் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள்’ என்பதை நோயாளிக்கு அவருடைய மொழியில் விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் விடுதிகளில் பல இரவுகளில் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்
2021 செப்டெம்பர் 13

சேர், குப்புறப் படுக்க வைப்பது பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் உண்மை. ‘வயிறு கீழே இருக்கிற மாதிரிப் படுங்க, முதுகுப்பக்கத்து நுரையீரல் திறக்கும், மூச்சு லேசாகும்’ என்று தமிழில் சொன்னால் எங்கள் அம்மாமார் உடனே திரும்பிப் படுக்கிறார்கள். சைகையால் திருப்ப முயன்றால், தங்களுக்கு ஏதோ தண்டனை தருகிறார்கள் என்று பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. 2020 இல் நலன்விரும்பிகள் அன்பளிப்பாகத் தந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, சுவாசக்குழாய் இடும்போது நோயாளியின் தலைக்கு மேல் வைப்பதற்காக, இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதா, ஒதுக்கிவைப்பதா?

இழையைத் தொடங்கியவர்
2021 செப்டெம்பர் 13

சிஸ்டர், ஒதுக்கிவைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத அத்தகைய பெட்டிகளுக்குக் கொடுத்திருந்த அவசரகால அனுமதியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 ஓகஸ்டிலேயே மீளப்பெற்றுக்கொண்டது. பொம்மை உடலில் செய்து பார்த்த பரிசோதனைகளில், பெட்டியினுள் கைவிட்டுக் குழாய் இடுவதற்கு அதிக நேரம் எடுத்ததும், கையுறையும் மேலங்கியும் கிழிந்ததும் தெரியவந்தன. அன்பளித்தவர்களின் மனம் பெரியது. பெட்டி மட்டும் வேண்டாம். அனுபவம் மிக்கவர் ஒருவர் குழாய் இடுவது, மூன்று முதல் ஐந்து நிமிடம் முன்கூட்டியே ஒட்சிசன் கொடுப்பது, தசைத்தளர்ச்சி மருந்தை முழு அளவில் கொடுப்பது, குழாயைச் சுற்றியுள்ள கஃப் என்ற காற்றுப்பை நிரப்பப்படும் வரை காற்றழுத்தம் கொடுக்காமலிருப்பது ஆகிய நான்கும் நம்மை அதைவிட நன்றாகக் காக்கும்.

மயக்கமருந்து வைத்திய அதிகாரி, பதுளை மாவட்டம்
2021 செப்டெம்பர் 14

கொவிட் விடுதியைப் பற்றியே பேசுகிறோம். ஊரடங்கு முடிந்ததும் பிற்போடப்பட்ட சத்திரசிகிச்சைகள் அனைத்தும் ஒன்றாக வந்து நிற்கப்போகின்றன என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். இவ்வருடம் மார்ச்சில் வெளியான, 116 நாடுகளைச் சேர்ந்த 140,231 நோயாளரைக் கொண்ட ஆய்வின்படி, தொற்று ஏற்பட்ட முதல் இரு வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 30 நாள் இறப்பு 4.1 வீதம். ஐந்தாம் ஆறாம் வாரங்களிலும் அது 3.6 வீதமாகவே இருந்தது. ஏழு வாரம் கடந்த பின்னரே தொற்று ஏற்படாதவர்களின் 1.5 வீதத்துக்கு இறங்கியது. ஏழு வாரம் கடந்தும் அறிகுறிகள் நீடித்தவர்களில் மட்டும் 6 வீதம். ஆகவே, அவசரமல்லாத சத்திரசிகிச்சைக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது இந்த 2021 இல் பொதுவான ஆலோசனை.

ஆனால் தோட்டத்தில் ஏழு வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ‘உங்களுக்குக் கொவிட் வந்ததா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பரிசோதனை செய்யப்படவில்லை என்பதே அந்தப் பதிலின் பொருள். நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளத்தில் வாழும் ஒருவர், காய்ச்சலைச் சொன்னால் வீட்டில் எல்லோரின் வேலை நாட்களும் போய்விடும் என்று மறைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன். ‘உங்கள் லயனை எப்போது அடைத்தார்கள்? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எத்தனை நாள் வெளியே போக வேண்டாம் என்றார்? அந்தக் காலத்தில் கறிக்கு உப்புப் போட்டதே தெரியாமல் சாப்பிட்டீர்களா? மலையேறும்போது முன்பு நிற்காத இடத்தில் இப்போது நின்று மூச்சு வாங்குகிறீர்களா?’ லயன் அடைக்கப்பட்ட நாள் எல்லோருக்கும் நன்றாக ஞாபகமிருக்கிறது. அந்த நாளையே தொற்றின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு ஏழு வாரத்தை எண்ணுகிறேன். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், எத்தனை வாரம் கடந்திருந்தாலும் நெஞ்சுப் படமும் நடைப் பரிசோதனையும் இல்லாமல் மயக்கமருந்து கொடுப்பதில்லை.

முடிந்த எல்லாவற்றையும் முதுகு ஊசியில் செய்கிறோம். சிசேரியன் சத்திரசிகிச்சைக்குத் தாய்மார் ‘முதுகில ஊசி போட்டா இடுப்பு போயிரும், கொழுந்துக் கூடை தூக்க ஏலாது’ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். அவர்கள் வாசிக்க முடியாத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பம் வாங்குவது சம்மதம் பெற்றதாகாது.

வைத்திய அதிகாரி, புதிதாக நியமனம் பெற்றவர், நுவரெலியா மாவட்டம்
2021 செப்டெம்பர் 15

உயரத்தைப் பற்றி எழுதியதால் கேட்கிறேன்: மயக்கவாயுவான ஐசோபுளூரேனைக் கொடுக்கும் ஆவியாக்கியின் எண்ணையும் மாற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்ற மயக்கமருந்து வைத்திய நிபுணர், கண்டி
2021 செப்டெம்பர் 15

வேண்டாம். சாதாரண ஆவியாக்கி உயரத்தில் அதிக வீதத்தை வெளியிடும், ஆனால் மூளைக்கு முக்கியமான பகுதியழுத்தம் ஏறத்தாழ அதேதான். கடல்மட்டத்தில் வைக்கும் எண்ணையே வையுங்கள். வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் வீதம் கூடத் தெரிந்தால் பதற வேண்டாம். இன்னொரு மயக்கவாயுவான டெஸ்புளூரேனைச் சூடாக்கி இயங்கும் ஆவியாக்கி மட்டுமே விதிவிலக்கு. வலி தணிக்கும் வாயுவான நைட்ரஸ் ஒட்சைட்டின் வலு அங்கே குறைவு: 50 வீதக் கலவையின் அழுத்தம் கொழும்பில் 380, உங்களிடம் 305. பிரசவ வலிக்கு அது போதவில்லை என்று தாய் சொன்னால் நம்புங்கள்.

இழையைத் தொடங்கியவர்
2021 செப்டெம்பர் 16

எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் வைத்தியர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தோட்டத்துக்கான எல்லை 94 ஆகவே இருக்கட்டும். விடுதியில் நடைப் பரிசோதனையை நேற்று முதல் தொடங்கிவிட்டோம்.

இன்னும் ஒரு விடயம் எஞ்சியுள்ளது, அது எனக்கு மிகவும் வலிக்கும் விடயம். பல வருடங்களுக்கு முன் நான் வேறொரு வைத்தியசாலையில் பணியாற்றியபோது, குழாயிட்ட நோயாளி ஒருவரைக் கீழே கொண்டுசெல்லும் வழியில் மண்சரிவால் வாகனம் நின்றது. சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தபின் கைப்பம்பினால் அறைக்காற்றை அழுத்திக்கொண்டே சென்றோம். அந்த நோயாளி பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து நான் கணக்குப் போடாமல் அம்புலன்சில் ஏறுவதில்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு இரண்டரை மணித்தியாலம். நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் 1800 லீற்றர் தேவை. மழைக்காலத்தில் அதை இரட்டித்து 3600 என்று எடுக்கிறேன். சிறிய 680 லீற்றர் சிலிண்டர்களில் அது ஆறு. மூன்று சிலிண்டரோடு அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுப்பேன்.

இறங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. நுவரெலியாவின் 610 மில்லிமீற்றர் அழுத்தத்தில் காற்று நிரப்பிய கஃப், 715 அளவில் அழுத்தமுள்ள கண்டிக்கு வரும்போது ஏறத்தாழ 15 வீதம் சுருங்கும். சாதாரண காலத்தில் சிறிது காற்றுக் கசியும், அவ்வளவே. இப்போதோ, கதவடைத்த அம்புலன்சுக்குள் நோயாளியின் மூச்சு நம் முகத்துக்கு நேரே கசியும். நுரையீரலுக்குக் கொடுக்கும் அழுத்தமும் இறங்கும். எந்த அறிவுறுத்தலிலும் இதை நான் இதுவரை வாசிக்கவில்லை. வழியில் இரண்டு இடங்களில் கஃப் அழுத்தத்தை அளந்து, 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீருக்குள் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே பதிகிறேன்.

தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்
2021 செப்டெம்பர் 19

நேற்று இரவு ஒரு நோயாளியைக் கண்டிக்குக் கொண்டுசென்றோம். புறப்படும்போது 26 இல் இருந்த கஃப் அழுத்தம் புசல்லாவையில் குறைந்திருந்தது; 25க்கு உயர்த்தினோம். கம்பளையில் மீண்டும் குறைந்திருந்தது, மீண்டும் உயர்த்தினோம். ஆறு சிலிண்டரில் மூன்றரை செலவானது. அளவீட்டுக் கருவி சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் சொந்தமானது என்பதால் இன்று காலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்புலன்சுக்கென்று தனியாக ஒன்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். சேர், அதில் நீங்களும் ஒரு கையொப்பம் இட்டுத் தர முடியுமா?